பதினோராம் பத்தி

— இது நான் போட்ட குழாய்தான். அடிச்சுச் சொல்றேன். இந்தப் படிக்கட்டு திரும்புற இடத்துல வளைவா பெண்டு வச்சது நான். பக்கத்துலயே நின்னு வைக்கச் சொன்னேன்.

— குழாயை அப்புறம் கொஞ்சிக்கலாங்க. எனக்கு மூச்சு வாங்குது. முதல்ல ரூம் எங்க இருக்குன்னு பாருங்க.

— ரூம் எங்க ஓடிடப் போகுது? முப்பத்துமூணு வருஷம் ஆச்சு. ஒரு பெயிண்ட்கூட அடிக்கலை, பாவிங்க. ஆனா ஒரு சொட்டு ஒழுகுதா பாரு!

— வாங்க சார், வாங்க அக்கா. இதான் வாசல். தலை பத்திரம், நிலை தாழ்வா இருக்கும். நான் சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க, ஒரு தடவை இடிச்சுக்கிட்டாத்தான் நம்புவாங்க.

— ஆ!

— சொன்னேன்ல சார்.

— அவர் யார் சொல்லியும் கேட்க மாட்டார்மா. நீங்கதான் இந்த வீட்டு ஓனரா?

— ஓனர், சமையல், பெருக்கறது, துடைக்கிறது எல்லாம் ஒரே ஆள்தான் அக்கா. மொத்தம் மூணு ரூம். உங்களுக்கு நல்ல ரூமாக் குடுத்திருக்கேன். கோட்டைச் சுவர் மேலயே உட்கார்ந்திருக்கு. போட்டோக்காரங்க எல்லாம் இந்த ஜன்னலுக்குத்தான் அடிச்சுப்பாங்க. திறந்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல், மணல், மணல். அதுல என்ன அழகைக் கண்டாங்களோ.

— சுவர் மேலயா?

— பயப்படாதீங்க அக்கா. இந்தப் பக்கம் விழாது. விழ வேண்டிய பக்கம் எப்பவோ விழுந்தாச்சு.

— வேற ரூம் இருக்காம்மா? தெருப்பக்கமா?

— எதுக்கு வேற ரூம்? இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இங்க பாருங்கம்மா, நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?

— வந்து கால் வைக்கலை, ஆரம்பிச்சாச்சு.

— நீ சும்மா இரு. இந்தக் கோட்டைக்குள்ள முதன்முதலா குழாய்த் தண்ணி கொண்டுவந்தவன் நான்.

— அட! பச்சை ஜீப்புல வருவாரே ஒரு இன்ஜினியர், அது நீங்களா?

— நானேதான்!

— அவருக்கு முடி இருந்துதே சார்.

— உங்க ஊர்த் தண்ணியிலதான் கொட்டுச்சு. ஹா ஹா. பார்த்தியா, ஞாபகம் வச்சிருக்காங்க!

— மறக்க முடியுமா? நான் கல்யாணமாகி வந்த புதுசு. கீழ ஏரியில மொண்டு, இருநூத்தி ஏழு படி தூக்கிட்டு வரணும். காலையில ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடை. குடம் உரசி உரசி என் இடுப்பு இந்தப் பக்கம் காய்ச்சுப் போயிருக்கும். நீங்க குழாயைத் திறந்துவிட்ட அன்னைக்குப் பொம்பளைங்க எல்லாம் உங்க ஜீப்பைச் சுத்தி நின்னு அழுதோம். எங்க எதிர்வீட்டுக் கிழவி உங்க கையைப் பிடிச்சு முகத்துல வச்சுக்கிட்டா.

— கேட்டுக்கோ. நான் சொன்னா கதைங்கிறே.

— கதைன்னு நான் என்னைக்கும் சொன்னதில்லை.

— இன்னொண்ணும் சொல்லிடறேன் சார். அப்புறம் முகத்துக்கு நேரா ஒண்ணு பேசினா, முதுகுக்குப் பின்னால ஒண்ணு பேசினான்னு இருக்கக் கூடாது. பன்னண்டு வருஷம் கழிச்சு அதே வாயால உங்களைத் திட்டினோம். அந்தக் கிழவிதான் முதல்ல ஆரம்பிச்சா.

— தெரியும்மா. சுவர் விழுந்ததுக்கு. அதுக்காகத்தான் வந்திருக்கேன்.

— என்னது? அதுக்காகவா? ஊர் பார்க்கப் போறோம், கோட்டை பார்க்கப் போறோம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?

— கோட்டையும் பார்க்கலாம். கீழ பழைய ரெக்கார்டு எல்லாம் வச்சிருக்காங்கல்ல, அதை இப்ப யார் கேட்டாலும் எடுத்துக் காட்டறாங்களாம். எழுதிப் போட்டிருந்தேன். பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

— சொன்னா வர மாட்டே. இங்க பாருங்கம்மா, நீங்களும் கேளுங்க. விஷயம் என்னன்னா, குழாய் போடறதுக்கு முன்னால நான் ஒரு ரிப்போர்ட் எழுதினேன். அதுல பதினோராம் பத்தி. எனக்கு இன்னும் மனப்பாடம். "கோட்டைக்குள் குழாய்வழி நீர் வழங்குமுன், கழிவுநீர் வெளியேறத் தனிக் குழாய்கள் அமைக்கப்பட வேண்டும். தவறினால் அடியிலுள்ள களிமண் ஊறி, சுவரின் அடித்தளம் நிலைகுலையும் அபாயம் உள்ளது." நாலே நாலு வரி.

— எழுதினீங்களா?

— எழுதினேன்.

— அப்ப ஏன் சார் சாக்கடை போடலை?

— மேல போன ஃபைல்ல அந்தப் பத்தி இல்லை! சுவர் விழுந்த பிறகு விசாரணை வச்சாங்க இல்லையா? என்னைக் கூப்பிட்டாங்க. பதினோராம் பத்தியைப் பாருங்கன்னு சொன்னேன். அப்படி ஒரு பத்தியே இல்லைன்னுட்டாங்க. ஃபைலைக் கண்ணுலகூடக் காட்டலை. அதோட என் கதை முடிஞ்சுது. ரிட்டயர் ஆகற அன்னைக்கும் அதே நாற்காலி, அதே மேஜை. ஆபீஸ்ல என் முதுகுக்குப் பின்னால என்ன பேர் தெரியுமா? சுவரிடிச்சான்.

— யார் எடுத்துட்டா அந்தப் பத்தியை?

— பென்சில்.

— யாரு?

— பிளான் வரையறவன் ஒருத்தன் என்கூட இருந்தான். காதுல எப்பவும் ஒரு பென்சில் சொருகியிருக்கும், அதனால அந்தப் பேர். ஒரே தட்டுல சாப்பிட்ட சிநேகிதம். அவன்தான் ஃபைலை எடுத்துட்டு மேல போனான். "சாக்கடையையும் சேர்த்தா வேலை ரெண்டு மடங்காயிடும், திருப்பி அனுப்பிடுவாங்க, இன்னும் மூணு வருஷம் இந்த மணல்லயே கிடக்கணும்"னு புலம்பிக்கிட்டே இருந்தான். திருப்பினா திருப்பட்டும்டான்னேன். வழியில உட்கார்ந்து பக்கத்தைக் கிழிச்சிருக்கான்.

— கிழிச்சதை நீங்க பார்த்தீங்களா? போய்ச் சேர்ந்தவரை ஏங்க இழுக்கறீங்க?

— செத்துட்டா யோக்கியன் ஆயிடுவானா?

— சாவுக்குக்கூடப் போகலை.

— போக மாட்டேன்னேன், போகலை. இன்னைக்கு அந்தக் கிழிசலை என் கண்ணால பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி. நீயும் கிளம்பு.

— எனக்கு முட்டி வலிக்குது. இறங்கி ஏற முடியாது. நீங்களும் போக வேண்டாம். எழுபது வயசுல இனிமே அதைத் தெரிஞ்சு என்னங்க ஆகப்போகுது?

— உனக்குத் தெரியாது. அந்தப் பேரோட நீ நடக்கலை.

— சார், வெயில் ஏறிடும். தண்ணி எடுத்துட்டுப் போங்க. பீரங்கி மேடை தாண்டி இடதுபக்கம் இறங்கினா நேரா கீழ வாசல். வழியில கைடுங்க கையைப் பிடிச்சு இழுப்பாங்க. ராஜா கதை சொல்றேன்பாங்க. ராஜா கதை வேண்டாம், ஃபைல் கதை இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க.

*

— நீங்க எதுக்கு அக்கா பாத்திரத்தைத் தொடறீங்க? விருந்தாளி.

— சும்மா உட்கார்ந்தா என்னென்னமோ தோணும். நீங்க கழுவிக் குடுங்க, நான் துடைச்சு வைக்கிறேன்.

— வீட்டுலயும் இப்படித்தானா? கை சும்மா இருக்காதோ?

— இருக்கவிட்டதில்லை. இந்தத் தண்ணி இப்ப எங்கம்மா போகுது?

— சுவர் விழுந்த பிறகு சாக்கடை போட்டாங்க. ஆளு போனாத்தானே வேலை நடக்கும். அதுவும் பாதி இடத்துல ஒழுகுது. மூணு ரூமுக்கும் பாத்ரூம் இருக்கு. வர்றவங்க ரெண்டு வேளை குளிக்கிறாங்க. தொபதொபன்னு தண்ணி விழற சத்தம் கேட்கும். படுத்துக்கிட்டே கேட்டுட்டு இருப்பேன். குளிக்காதீங்கன்னு சொன்னா அடுத்த ஆள் வருவானா? என் அடுப்பு எரியணும்ல.

— அன்னைக்கு நீங்க இங்கதான் இருந்தீங்களா?

— இதே இடத்துலதான்.

— சொல்ல வேண்டாம்னா விட்டுடுங்க.

— சொல்றதுக்கென்ன? போட்டோக்காரங்க கேட்டா "பழைய சுவர், விழுந்துடுச்சு"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவேன். நீங்க பாத்திரம் துடைக்கிறீங்க, உங்களுக்கு முழுசாச் சொல்லலாம். என் வீட்டுக்காரர் டெய்லர். எட்டிப் பாருங்க அக்கா, கீழ வெளுப்பா புதுக்கல் தெரியுதுல்ல? அந்த இடத்துலதான் கடை. சுவர்ல சாய்ச்சு ஒரு தகரம், ஒரு மிஷின், ஒரு ஸ்டூல். நான் இங்க இருந்து கத்தினா அங்க கேட்கும். சாப்பாடு ஆச்சுன்னா கரண்டியால தட்டுவேன்.

— ம்.

— மழை கிடையாது, புயல் கிடையாது. பளிச்சுன்னு வெயில். காலையில பதினோரு மணி. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், அவருக்கு யூனிஃபார்ம் வேலை தலைக்கு மேல. நான் குழாயைத் திறந்துவிட்டு இதே மாதிரி பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். முதல்ல ஒரு பெருமூச்சு மாதிரி கேட்டுது. யாரோ பெரிய ஆள் உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி. அப்புறம் தூசி. எதிர்ல இருக்கிற கை தெரியலை. தூசிக்குள்ள குழாய்த் தண்ணி மட்டும் ஓடுற சத்தம்.

— குழாயை மூடலையா?

— மூடத் தோணலை. கரண்டியை எடுத்துத் தட்டினேன் அக்கா. சாப்பிடக் கூப்பிடற மாதிரி. தட்டிக்கிட்டே இருந்தேன். நாத்தனார் வந்து கரண்டியைப் பிடுங்கினா.

— ஐயோ.

— மூணு நாள் கல்லு பொறுக்கினாங்க. ஆறு உசுரு போச்சு. மிஷின் அப்படியே இருந்துது, ஊசியில அரைக்கை சட்டை மாட்டினபடி. ஆளைத்தான் பார்க்கவிடலை. அப்புறம் கோட்டும் கண்ணாடியும் போட்ட ஆளுங்க வந்து மண்ணை டப்பாவுல எடுத்துட்டுப் போனாங்க. வீட்டுக்கு வீடு கழுவி ஊத்தின தண்ணிதான் அடியில இறங்கி மண்ணைக் கரைச்சிருக்குன்னாங்க. சோப்பு கரையற மாதிரி பன்னண்டு வருஷமாக் கரைஞ்சிருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? நான் அரிசி களைஞ்ச தண்ணி, நான் துணி அலசின தண்ணி. அதான் அவர் தலையில விழுந்துது.

— அப்படிச் சொல்லாதீங்கம்மா. உங்களுக்கு என்ன தெரியும்? குழாய் குடுத்தாங்க, திறந்தீங்க.

— அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிறேன். நமக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க யாரோ இருந்திருப்பாங்கன்னு. ஆனா ஒருத்தரும் அகப்படலையே. அவர் சொல்றது நிஜமா அக்கா? நிஜமாவே எழுதினாரா?

— உங்களுக்கு எப்படித் தோணுது?

— நான் அப்பவே சொன்னேன்னு சொல்லாத ஆளே இந்த ஊர்ல இல்லை. சுவர் நிக்கிறப்ப ஒருத்தன் வாயைத் திறக்கலை, விழுந்ததும் எல்லாருக்கும் முன்னாலயே தெரிஞ்சிருக்கு. அவரும் அதுல ஒருத்தரோ என்னமோ. கோவிச்சுக்காதீங்க.

— கோவம் இல்லை.

— ஒரே ஒரு ஆளோட முகம் தெரிஞ்சாப் போதும் எனக்கு. அடிக்க மாட்டேன், சாபம் குடுக்க மாட்டேன். நேரா உட்கார வச்சு என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுவேன். காஜா எடுக்கிறப்ப எப்படி நாக்கைக் கடிச்சுப்பார்னு, சின்னப் பசங்களுக்கு அளவெடுத்தா எப்படிக் கூச்சம் காட்டுவார்னு. ஒண்ணு விடாமச் சொல்லுவேன். எழுந்து போகாமக் கேட்கணும், அவ்வளவுதான். அட, தட்டை நழுவ விட்டுட்டீங்களே!

— கை வழுக்கிடுச்சு. உடைஞ்சுதா?

— எவர்சில்வர் அக்கா, அது நம்மளையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுத்தான் போகும். உட்காருங்க. முகமே சரியில்லை. இந்த ஊர் உங்களுக்கு ஒத்துக்காதோ?

— ஒத்துக்கலைதான். ரெண்டு வருஷம் இருந்தேன் இங்க. கோட்டைக்கு வெளிய, ஏரிக்கரை தாண்டி ஒரு மஞ்சள் கட்டடம் இருந்துதே?

— குவார்ட்டர்ஸ். இடிச்சாச்சு. இப்ப அங்க ஜீப் நிறுத்தறாங்க. சொல்லவே இல்லையே அக்கா! அப்ப நீங்க எங்க ஊர்க்காரங்க.

— எனக்கு முதல் குழந்தை அங்கதான் பொறந்துது. பொண்ணு.

— எங்க இருக்கா இப்ப?

— பத்தொன்பது நாள் இருந்தா. ஆனி மாச வெயில். ஈரத்துணி போட்டுப் போட்டுப் பார்த்தேன். துணி காய்ஞ்சுக்கிட்டே இருக்கு, உடம்பு கொதிச்சுக்கிட்டே இருக்கு. டாக்டர் வேணும்னா நாப்பது மைல் போகணும். ஜீப் குழாய் வர்ற வழியை அளவெடுக்க மணலுக்குள்ள ரொம்ப தூரம் போயிருந்துது. அவர் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு.

— ஐயோ அக்கா.

— மணல்லதான் வச்சோம். இப்ப எந்த இடம்னு கேட்டா காட்டத் தெரியாது. காத்து அடிச்சு அடிச்சு மேடெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் மேடு. காலையில கார்ல வர்றப்ப அவர் குழாயைத் தேடிக்கிட்டு வந்தார். நான் மேட்டைத் தேடிக்கிட்டு வந்தேன்.

— அவர்கிட்ட சொன்னீங்களா?

— சொல்லிக்கிட்டதில்லை. அவர் ராத்திரி பகலா அந்த ரிப்போர்ட்டுல முழுகிட்டார். ஆம்பளைக்கு மூழ்க ஒரு இடம் கிடைச்சுது. எனக்கு ரெண்டாவது தரிச்சுது. அப்ப என் மனசுல ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஊர்ல பெத்துக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

— அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாமே?

— அம்மா என் கல்யாணத்துக்கு முன்னாலயே போயிட்டாங்க. அண்ணி கையை எதிர்பார்த்து நிக்க முடியுமா? ஒரே ஒரு வழிதான் இருந்துது. அந்தத் திட்டம் பாஸ் ஆனா, அதுக்குன்னு பெரிய ஊர்ல தனி ஆபீஸ் திறப்பாங்க. குடும்பத்துக்கு அங்க வீடு. இவர் இங்க ஜீப்புல வந்து வந்து போகலாம். ஃபைல் திரும்பி வந்துட்டா மறுபடி முதல்ல இருந்து, இதே ஊர்ல.

— பாஸ் ஆச்சு.

— ஆச்சு. பையன் பெரிய ஆஸ்பத்திரியில பொறந்தான். கழுத்துல கொடி சுத்தி, நீலமா வந்தான். அழலை. நாலு டாக்டர் ஓடி வந்து, குழாய் விட்டு, தட்டி, பிழைக்க வச்சாங்க. இந்த மஞ்சள் கட்டடத்துல பொறந்திருந்தா அவனையும் மணல்லதான் வச்சிருப்போம்.

— இப்ப நல்லா இருக்கானா?

— நல்லா இருக்கான். அவனுக்கே ஒரு பிள்ளை இருக்கு.

— விடுங்க அக்கா. ஒண்ணு எடுத்தா ஒண்ணு கிடைச்சிருக்கு. எனக்கு எடுத்ததோட சரி. நீங்களும் இந்த ஊருக்கு ஒரு உசுரைக் குடுத்தவங்க. நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

— இல்லைம்மா. ஒண்ணு இல்லை. அப்படிச் சொல்லாதீங்க.

— ஏன் அழறீங்க? தெரியாம பேசிட்டேனா? இருங்க, படியில சத்தம் கேட்குது. சார் வந்துட்டார்.

*

— சார், தலை! இந்தத் தடவையும் இடிச்சாச்சா?

— ...பரவாயில்லை.

— என்னங்க, சட்டையெல்லாம் தெப்பமா நனைஞ்சிருக்கு. உட்காருங்க முதல்ல. ஃபைல் இல்லைன்னுட்டாங்களா?

— கிடைச்சுது.

— கிடைச்சுதா?

— நல்ல மனுஷன், அந்த ரெக்கார்டு பார்க்கிறவன். மூணு கட்டு பிரிச்சு எடுத்துக் குடுத்தான். ஓரத்தை மட்டும் கரையான் தின்னிருக்கு. பிரதி எடுத்துக்கச் சொன்னான். இதோ.

— நீங்க தண்ணி குடிங்க. அதை இப்படிக் குடுங்க, அப்புறம் பார்க்கலாம்.

— இப்ப பார்க்கணும். அம்மா, நீங்களும் இப்படி வாங்க. உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்.

— எனக்கு என்ன தெரியும் சார், அதைப் பார்த்தா?

— தெரியும். இந்தாங்க, பக்க நம்பர். ஆறு, ஏழு, எட்டு. ஒண்ணும் கிழிபடலை. இது பத்தாம் பத்தி, பைப்போட கனம். அதே பக்கத்துல, அடுத்த வரியில, பதினோராம் பத்தி. "பம்பு அறைக் காவலாளி தங்க ஓர் அறை." அதுக்கு அடுத்து மதிப்பீடு, கடைசியில கையெழுத்து. சாக்கடைங்கிற பேச்சே கிடையாது.

— அந்தப் பென்சில் சார் பக்கத்தையே புதுசா எழுதி வச்சிருப்பாரோ?

— அவன் தொடவே இல்லைம்மா. இது அவன் எழுத்து இல்லை. என் எழுத்தும் இல்லை. என் எழுத்தை எனக்கே படிக்க வராது. அதனால மேல போற ரிப்போர்ட்டை எல்லாம் இவதான் உட்கார்ந்து நகல் எடுத்துக் குடுப்பா. இது இவ கை. முத்து கோத்த மாதிரி இருக்கு பாருங்க. முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே கை.

— என்னங்க...

— இரு. நான் சொல்லி முடிச்சிடறேன். விஷயம் என்னன்னா, இவ ஒரு புள்ளியை விட மாட்டா. நான் தப்பு பண்ணியிருந்தா அந்தத் தப்பையும் அப்படியே எழுதி, ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பா. ஆபீஸ்ல எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க. நான் எழுதியிருந்தா இதுல வந்திருக்கும். வரலை. அப்ப நான் எழுதலை.

— அப்படின்னா காலையில சொன்னீங்களே சார், வரி வரியா?

— அதான் எனக்கும் புரியலை. எழுதணும்னு நினைச்சிருப்பேன். பொண்ணு போன சமயம், நான் நிதானத்துல இல்லை. நினைச்சதையே எழுதினதா மனசு பிடிச்சுக்கிட்டுதோ என்னமோ. கீழ என் கையெழுத்து இருக்கு, பாருங்க. கண்ணை மூடிக்கிட்டா போட்டேன்? திரும்பி ஏறி வர்றப்ப அந்தப் புதுக்கல்லு பக்கத்துல நின்னேன். அங்க யார் இருந்தாங்கன்னு டீக்கடையில கேட்டேன். டெய்லர்னு சொன்னாங்க. இந்த வீட்டைத்தான் கை காட்டினாங்க.

— ம். இந்த வீடுதான்.

— காலையில உங்க வீட்டு வாசல்லயே நின்னு குழாய்ப் பெருமை அடிச்சேன். என்னை என்ன வேணா சொல்லுங்கம்மா.

— என்ன சொல்லணும்? இருபத்தொரு வருஷமா எல்லாரும் சொன்ன பொய்யைத்தான் நீங்களும் சொல்லியிருக்கீங்க. அவங்க வெறும் வாயால சொன்னாங்க, நீங்க வரி வரியா மனப்பாடம் பண்ணிச் சொன்னீங்க.

— சரிதான்.

— அதையும் பாவம் ஒரு செத்த மனுஷன் தலையில கட்டினீங்க.

— சரிதான். அவன் சாகறதுக்கு ஒரு வருஷம் முன்னால வீடு தேடி வந்தான். மழையில நின்னான். "நான் எதுவும் செய்யலைடா, ஒரு தடவை என் முகத்தைப் பாரு"ன்னான். நான் கதவைத் திறக்கலை. இவதான் திறங்க, திறங்கன்னு என் காலைப் பிடிக்காத குறையா அழுதா. என்னைவிட இவளுக்கு அவன்மேல நம்பிக்கை இருந்திருக்கு. நாளைக்கு அவன் பொண்ணுக்குப் போன் பண்ணணும். என்னன்னு பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை.

— போதுங்க. நிறுத்துங்க.

— பொண்ணை இந்த ஊருக்குக் குடுத்தோம். அதுக்குப் பதிலா ஒரு நல்ல காரியம் பண்ணினோம், தண்ணி குடுத்தோம்னு நினைச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நாள் நடமாடினேன். அதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு.

— சார், நீங்க பெரியவங்க. வீடு தேடி வந்தவங்களை வெளிய போன்னு சொல்ற பழக்கம் எனக்கு இல்லை. ஆனா இன்னைக்கு உங்களுக்குச் சோறு போட என் கை வராது. கீழ வாசல்கிட்ட ஹோட்டல் நிறைய இருக்கு, பையை எடுத்துட்டுக் கிளம்புங்க.

— கிளம்பறேன். அதுதான் நியாயம். எழுந்திரு.

— அக்கா வேணும்னா ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும் சார். முட்டி வலியோட அந்தப் படியில இறக்காதீங்க. அவங்களும் இந்த மணல்ல பிள்ளையைப் பறிகுடுத்தவங்க, எனக்கு அவங்க மேல ஒரு குறையும் இல்லை. காலையில இருந்து என்கூட உட்கார்ந்து அழுதிருக்காங்க. நீங்க செஞ்சதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?

— என்னை அக்கான்னு கூப்பிடாதேம்மா. அவர் எழுதியிருந்தார், நாலு வரி, அந்தக் கோழி கிண்டின எழுத்துலதான் எழுதியிருந்தார். வயித்துல பிள்ளையோட உட்கார்ந்து, தெரிஞ்சே அந்த நாலு வரியைத் தாண்டி எழுதினவ நான்.